ஜி.என்.டி. சாலையில் ஒரு கல் கடை: கறுப்புப் பலகைகளும் அவை வந்த மலைகளும்

வட சென்னையில் மாதவரம் ரவுண்டானாவைக் கடந்து புழல் ஏரிப் பக்கம் நீளும் ஜி.என்.டி. சாலையில் கிரானைட், மார்பிள், டைல்ஸ் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. கொளத்தூரிலும் பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் வீடு கட்டுகிறவர்கள், கொத்தனாரையோ மைத்துனரையோ உடன் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இக்கடைகளை வரிசையாக ஏறி இறங்குவது வழக்கம். அவற்றுள் கதிர்வேட்டை ஒட்டி, தகரக் கூரையிட்ட முற்றத்தில் பலகைகளைச் சாய்த்து நிறுத்தி வியாபாரம் செய்யும் நடுத்தரக் கடை ஒன்றில், எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் கல் எடுத்தோம். கறுப்புக் கல்லைப் பொறுத்த வரையில், இந்தச் சாலையில் நான் பார்த்த கடைகளில் நம்பி வாங்கத் தகுந்தது இதுவே என்பது என் முடிவு. அளவெடுப்பதிலும் ஓரம் தேய்ப்பதிலும் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

நம்பலாம் என்று சொல்வதற்குக் காரணம் விலையும் அல்ல, உபசாரமும் அல்ல. பிற கடைகளில் ‘ஜெட் பிளாக்’, ‘பிரீமியம் பிளாக்’, ‘சூப்பர் பிளாக்’ என்று ஒட்டுச் சீட்டுகள் தொங்கும் இடத்தில், இங்கே ஒவ்வொரு அடுக்கின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறார்கள்: செங்கம், குன்னம், சாம்ராஜ்நகர், சீமகுர்த்தி. பில்லிலும் அதே பெயரைத்தான் எழுதித் தருகிறார்கள். கேட்டால், கட்டை, அதாவது பலகைகளாக அறுக்கும் முன் குவாரியிலிருந்து வரும் பெரிய கல், வந்த நடைச்சீட்டின் (கல்லை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) நகலையும் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். கல்லூரியில் நிலவியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட எனக்கு, இது சின்ன விஷயமாகப் படவில்லை. கறுப்பாக இருப்பது ஒன்றே ஒற்றுமையாகக் கொண்ட நாலைந்து வகைப் பாறைகள் கடைகளில் ஒரே பெயரில் விற்பனையாகின்றன. அடுப்படியிலும் படிக்கட்டிலும் கடற்காற்றிலும் அவை ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

கறுப்புக் கிரானைட் என்று நாம் வாங்கும் பலகைகளில் உண்மையான கிரானைட் அநேகமாக எதுவும் இல்லை. கிரானைட்டில் குவார்ட்ஸ், வெளிர் நிற ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமங்கள் மிகுதி. சிலிக்கா 70 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஆகவே அது வெண்மை, சாம்பல், இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களில்தான் கிடைக்கும். கறுப்புக் கற்களில் சிலிக்கா 50 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இரும்பும் மக்னீசியமும் கால்சியமும் கூடுதல். குவார்ட்ஸ் அநேகமாக இல்லை. பைராக்சீன் என்னும் கருங்கனிமமும் சாம்பல் நிறப் பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரும் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது சிறிதும் சேர்ந்தவை அவை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் பகுதியளவு உருகி எழும் குழம்பு, எங்கே, எவ்வளவு வேகத்தில் ஆறியது என்பதைப் பொறுத்து மூன்று பாறைகளாகிறது. நிலத்துக்கு மேல் வழிந்து விரைவாக ஆறினால் பசால்ட். ஆழத்தில் பெரிய அறைபோன்ற இடத்தில் தங்கி மிக மெதுவாக ஆறினால், மணி மணியாகப் படிகங்கள் தெரியும் கேப்ரோ. இரண்டுக்கும் இடையில், பழைய பாறைகளின் விரிசல்களுக்குள் புகுந்து சுவர்போல் நின்று ஆறினால் டோலரைட். இந்தச் சுவர்களையே நிலவியலில் டைக் என்கிறோம். மகாராஷ்டிரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் படிப்படியான சரிவுகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பசால்ட் ஓட்டங்களால் ஆனவை. அந்தக் கல் தமிழ்நாட்டுப் பக்கம் இல்லை. இங்கே நம் சமையலறைக்கு வருவது பெரும்பாலும் டோலரைட்டும், ஆந்திரத்திலிருந்து வரும் கேப்ரோ இனமும்தான்.

நாங்கள் எடுத்தது செங்கத்துக் கல். பளபளப்பாகத் தேய்த்த முகத்தில் பார்த்தால் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். எனவே உடைந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல், கழிவுக் குவியலிலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் கழுவிக் கொடுத்தார். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்து வெயிலில் சாய்த்தால், கறுப்பான பைராக்சீனின் ஊடே மெல்லிய சாம்பல் வெள்ளைக் குச்சிகள் திசைக்கொன்றாகக் கிடப்பது தெரிந்தது. அவைதாம் ஃபெல்ட்ஸ்பார், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. சில குச்சிகளின் மேல், கோடு போட்ட தாள்போல என்று கூடச் சொல்ல முடியாத அளவு நுண்ணிய இணைகோடுகள் ஓடின. பிளாஜியோகிளேஸின் அடையாளம் அது. சாயம் ஏற்றிய கல்லில் இந்த உள்ளமைப்பை யாராலும் வரைய முடியாது; ஆகவே கறுப்புக் கல் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது தேய்த்த முகத்தை அல்ல, உடைந்த ஓரத்தை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஒரு டைக்கின் ஓரப் பகுதி, இரு பக்கமும் உள்ள குளிர்ந்த பாறையைத் தொட்டதால் விரைவாக ஆறி, மணியே தெரியாத அளவுக்கு நுண்ணியதாகிவிடும். நடுப்பகுதி மெதுவாக ஆறியதால் சற்றுப் பரும்படியாக இருக்கும். ஒரே குவாரியிலிருந்து வந்த இரண்டு கட்டைகள்கூட இதனால் நிறத்திலும் மினுக்கத்திலும் வேறுபடலாம். இந்தக் கடையில் பலகையின் பக்கவாட்டில் கட்டை எண்ணைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். மேடைக்கு வேண்டிய இரண்டு பலகைகளையும் ஒரே எண்ணில் தேடிக் கொடுத்தார்கள். நாங்கள் முன்னர் போயிருந்த வேறொரு கடையில் இதைக் கேட்டபோது, “எல்லாம் ஒரே கறுப்புதான் சார், சிமெண்ட் போட்டா எதுவும் தெரியாது” என்று பதில் வந்தது. தெரியும், குழல் விளக்கின் கீழ், சிங்க்கின் இரு பக்கமும், தினமும் தெரியும்.

கடையின் உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், இளவயதில் குவாரியில் கணக்கு எழுதியிருக்கிறார். செங்கம் என்று எழுதியிருக்கிறதே, ஜவ்வாது மலையிலிருந்தா வருகிறது என்று கேட்டதற்கு, “இது மலைக் கல்லு இல்லீங்க சார், அடிவாரத்துக் கல்லு. மலைக் கல்லு வேற, அது நீலம் ஓடும்” என்றார். நிலவியல் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்லலாம்.

கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சியைப் போல் தொடர்ந்து நிற்கும் மதில் அல்ல. ஒடிசாவில் தொடங்கி, கோதாவரியும் கிருஷ்ணாவும் பெண்ணாறும் அறுத்த இடைவெளிகளோடு தெற்கே வந்து, தமிழ்நாட்டில் ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எனத் தனித்தனித் தொகுதிகளாக நிற்கிறது. அவற்றுள் ஜவ்வாது மலை திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவியது. சந்தன மரத்துக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் பெயர் பெற்றது. செய்யாறு பிறப்பதும் அங்கேதான். செங்கம் பக்கத்திலிருந்து ஜமுனாமரத்தூர் நோக்கி ஏறுகிறவர்கள், சமவெளி வயல்களின் குறுக்கே கறுத்த உருண்டைக் கற்கள் ஒரே கோட்டில் குவிந்து கிடப்பதை ஆங்காங்கே காணலாம். யாரோ வயலைத் திருத்தும்போது பொறுக்கி வரப்பாக அடுக்கியது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது நிலத்துக்குள் செங்குத்தாக இறங்கும் டோலரைட் சுவரின் தலைப்பகுதி. டைக்குக்கு நெடுக்கும் குறுக்குமாக வெடிப்புகள் உண்டு. அந்த வெடிப்புகள் வழியே மழைநீர் இறங்கி மூலைகளை முதலில் அரிக்கும். கட்டம் கட்டமாக இருந்த பாறை, வெங்காயம் உரிவதுபோல் ஏடு ஏடாகக் கழன்று, நடுவில் அழியாத கறுப்பு உருண்டை மட்டும் மிஞ்சும். உதிர்ந்த ஏடுகள் இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணாகிவிடும். குவாரிக்காரர் தேடுவது அந்த உருண்டைகளுக்குக் கீழே, வெடிப்பு குறைந்த ஆழப் பகுதியை.

இந்தச் சுவர்கள் உழவருக்கும் வேண்டியவை. சுற்றியுள்ள நைஸ் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய, பட்டை பட்டையான பாறை) பாறையின் சிதைந்த மேற்பகுதியில் ஊறி வரும் நிலத்தடி நீரை, நெருக்கமான டோலரைட் சுவர் நிலத்துக்கடியில் அணைபோட்டுத் தடுக்கும். ஆகவே சரிவின் மேற்பக்கத்தில் தோண்டிய கிணற்றில் நீர் நிற்கும், கீழ்ப்பக்கத்துக் கிணறு வறண்டு போகும். ஒரு டைக்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டால், அந்தத் தடுப்பும் போய்விடும். நமது மேடைக்கு வந்த கல்லின் விலையில் இந்தக் கணக்கு எங்கும் சேர்வதில்லை. மேலும், டோலரைட்டில் இயற்கையான வெடிப்புகள் அதிகம் என்பதால், பெயர்த்த கல்லில் சிறு பங்குதான் குறையற்ற கட்டையாகத் தேறும். மிச்சம் குவாரி வாயிலேயே குன்றாகக் குவியும். கடைக்காரரே இதை மறைக்காமல் சொன்னார்.

அவர் சொன்ன ‘நீலம் ஓடும்’ மலைக் கல், சார்னோக்கைட். தென்னிந்தியாவின் உயர்ந்த மலைத் தொகுதிகள் பலவும் இந்தப் பாறையால் ஆனவை: நீலகிரி, ஆனைமலை, பழனி, சேர்வராயன், கொல்லிமலை, சாம்ராஜ்நகரை அடுத்த பிலிகிரிரங்கன் மலை. ஜவ்வாது மலையிலும் சார்னோக்கைட்டும் நைஸும் விரவியிருக்கின்றன. வட தமிழ்நாட்டுச் சார்னோக்கைட்டுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. டைக்குகள் அவற்றை அறுத்துக்கொண்டு பிற்பாடு புகுந்தவை. பெங்களூரு, தருமபுரிப் பக்கத்தில் கிழக்கு மேற்காக ஓடும் டைக்குகளுக்கு 237 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயது கண்டிருக்கிறார்கள். மலை மேல் சோலையும் இலையுதிர் காடும் மூடிய பகுதிகளில் பாறை வெளியே தெரிவது அரிது. ஓடை அறுத்த இடங்களிலும் கொண்டை ஊசி வளைவுகளுக்காக வெட்டிய சரிவுகளிலும்தான் பார்க்க முடியும். அங்கே வெட்டுமுகம் எண்ணெய் தடவியதுபோன்ற கருநீலச் சாம்பல் நிறத்தில் மின்னும். நீர்பட்டு நாளான இடமெல்லாம் பழுப்பேறியிருக்கும். வனநிலத்தில் குவாரி திறக்க 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதும், மலையிலிருந்து கட்டையை இறக்கும் செலவும் சேர்ந்து, வியாபாரம் அடிவாரத்து டைக்குகளோடு நின்றுவிடுகிறது.

சார்னோக்கைட் தீப்பாறையா, உருமாறிய பாறையா என்ற வழக்கு நூறாண்டுக்கு மேல் நடந்தது. அதன் தொடக்கம் நம் சென்னையில்தான். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல் என்பதை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் எழுதி, சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் வைத்தார்; 1900இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் இது குழம்பு ஆறிப் பிறந்த தீப்பாறைத் தொகுதி என்று வாதிட்டார். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் பைராக்சீன் இருப்பதே அதன் தனிக்குறி. பின்னர், கர்நாடகத்துக் கப்பல்துர்காவில் சாதாரண நைஸ் பாறைக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட் உருவாகிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்து கிடப்பதை சி. எஸ். பிச்சமுத்து 1960இல் எடுத்துக்காட்டினார். பூமியின் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர் விலகிக் கரியமில வாயு மிகுந்த சூழலில், பழைய பாறையே இப்படி மாறக்கூடும் என்று அறிந்தார்கள். இன்று, நேரடியாகக் குழம்பிலிருந்து ஆறியவையும் உண்டு, உருமாறியவையும் உண்டு என்று இரு தரப்பையும் ஏற்றுக்கொள்கிறார்கள். வட சென்னைவாசிக்கு இந்தக் கல் புதிதல்ல: ராயபுரம், காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுள் பல இந்த இனம்தான், அலைபட்டுக் கழுவிய முகத்தில் அந்த நீல மினுக்கம் தெரியும். நம் வீட்டுக் காங்கிரீட்டில் போன கருங்கல் ஜல்லியிலும் அதே சரக்குதான்.

கதிர்வேட்டுக் கடையில் சார்னோக்கைட்டைச் சமையல் மேடைக்கு விற்பதில்லை. வாசற்படிக்கும் வெளிப்படிக்கும் சொரசொரப்பாகக் கொத்திய கனமான பலகையாக மட்டும் வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு என்பேன். அதன் நிறம் பலகைக்குப் பலகை மாறும். ஈரமும் உப்பும் ஓயாமல் படுகிற இடத்தில் இரும்புள்ள கனிமங்கள் மெல்லப் பழுப்பேறும். ஆனால் மிதிபடும் இடத்தில் குவார்ட்ஸ் உள்ள இக்கல் டோலரைட்டைவிடத் தேய்மானம் தாங்கும். மழையில் வழுக்குவதும் குறைவு. எங்கள் வெளிப்படிக்கு அதைத்தான் போட்டோம். உள்படிக்குச் செங்கத்துக் கல்லையே ‘லெதர்’ முடிப்பில், அதாவது தோல்போல் மினுக்கம் குறைத்துத் தேய்த்ததாக, வாங்கினோம். கண்ணாடி பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லில் படி கட்டுவது, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வம்பை விலைகொடுத்து வாங்குவது.

சீமகுர்த்தியிலிருந்து வரும் ‘பிளாக் கேலக்ஸி’ தனிக் கதை. இதே ஜி.என்.டி. சாலை வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போனால் ஓங்கோல் வரும். அதற்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சமவெளியில் இருக்கிறது சீமகுர்த்தி. அங்கே பூமிக்கடியில் பெருந்திரளாகத் தங்கி ஆறிய கேப்ரோ இனப் பாறையில், வெண்கல நிறம் காட்டும் ஆர்த்தோபைராக்சீன் படிகங்கள் சிதறியிருக்கின்றன. பலகையைத் திருப்பத் திருப்பப் பொன்துகள்போல் பளிச்சிடுபவை அவைதாம். உள்ளே பொன்னும் இல்லை, அபிரகமும் இல்லை. புள்ளிகளின் அளவையும் நெருக்கத்தையும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். எனக்கு இந்தக் கல்லின் மேல் பெரிய மோகம் இல்லை. வரவேற்பறைக்குப் பொருந்துவது சமையலறையில் கண்ணைப் பறிக்கும். குன்னத்துக் கல்லோ, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் பக்கத்திலிருந்து வருவது. நுண்மணி, ஒரே சீரான கறுப்பு. எழுத்து வெட்டினால் கத்தி கீறினாற்போல் நிற்கும். நினைவுக் கற்களுக்காக வெளிநாடுகளுக்குப் போகும் சரக்கு என்பதால், உள்ளூர்க் கடைகளுக்கு நல்ல தரம் குறைவாகவே வருகிறது. கடையில் இருந்த குன்னம் பலகைகளில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடியதைக் கடைக்காரரே காட்டி, “இது வேண்டாம் சார், ஏற்றுமதியில கழிஞ்சது” என்று திருப்பி வைத்தார்.

சாயக் கல் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாம்பல் நிறக் கல்லை எண்ணெய் கலந்த கருஞ்சாயத்தில் ஊறவைத்து, மேலே மெழுகோ பிசினோ தேய்த்து, ஜெட் பிளாக் என்று விற்பது இந்த வியாபாரத்தில் எல்லாரும் அறிந்த ரகசியம். வாங்கிய புதிதில் தெரியாது. எலுமிச்சைச் சாறும் வெந்நீரும் சோப்பும் பட்டுச் சில மாதங்களில் அடுப்பைச் சுற்றி வெளிறத் தொடங்கும். உறவினர் வீட்டில் வேறோர் இடத்தில் வாங்கிய மேடை அப்படித்தான் சாம்பல் பூத்தது. சோதிப்பது எளிது: நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து, பலகையின் தேய்த்த முகத்தில் அழுத்தித் துடைத்தால், சாயக் கல்லில் துணி கறுக்கும். இந்தக் கடையில் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. மேசையறையிலேயே அசிட்டோன் புட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். துணி வெள்ளையாகவே இருந்தது. கூடுதலாக, வலுவான சிறு காந்தத்தை நூலில் கட்டிப் பலகையருகே தொங்கவிட்டேன். மேக்னடைட் உள்ள டோலரைட்டை நோக்கி அது மெல்லச் சாய்ந்தது. இதை முடிவான சோதனையாகக் கொள்ள வேண்டாம். துணிச் சோதனைக்குத் துணையாகக் கொள்ளலாம்.

எடையும் பேசும். டோலரைட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல் மூன்று மடங்கு, கிரானைட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல் 2.65 மடங்கு. 18 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பலகையில் ஒரு சதுர அடி டோலரைட் சுமார் 5 கிலோ. கிரானைட் நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 9 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள எங்கள் மேடைப் பலகை ஏறத்தாழ 90 கிலோ வந்தது. அதே அளவுக் கிரானைட் 80 கிலோதான் இருக்கும். மூன்றாம் மாடிக்குத் தூக்குகிறவர்களிடம் இந்தப் பத்துக் கிலோவை முன்கூட்டியே சொல்லிக் கூலி பேசிவிடுவது நல்லது.

பயன்பாட்டில் கல் நன்றாக இருக்கிறது. எண்ணெய் சிந்தினால் உள்ளே இறங்குவதில்லை. சூடான குக்கரை வைத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. மஞ்சள் கறை பிடிப்பதில்லை. குறை என்றால் தண்ணீர்தான். மாதவரம், மணலிப் பக்கத்து ஆழ்குழாய் நீரில் உப்பு மிகுதி. துடைக்காமல் விட்ட ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளை வட்டமாக நிற்கிறது. வெளிர் கல்லில் கண்ணுக்குப் படாத இக்கறை கறுப்புக் கல்லில் ஊருக்கே தெரியும். மெட்ரோ வாட்டர் வரும் வீடுகளில் அவ்வளவு தொல்லை இராது. திருவொற்றியூர், எர்ணாவூர் போலக் கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில் இருப்பவர்கள், வாங்கும் முன் பலகையில் பித்தளை நிறப் பொட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரும்புச் சல்பைடு மணிகள் அவை. உப்பு ஈரத்தில் துருப்பிடித்துச் செம்பழுப்புக் கறை ஓட விடும். எங்கள் பலகை ஒன்றில் அப்படி ஒரு பொட்டு இருந்ததைச் சுட்டியவுடன் மாற்றித் தந்தார்கள்.

இனிக் குறைகள். பலகையின் அளவை அதன் மிக நீண்ட, மிக அகன்ற இடத்தில் பிடித்துச் சதுர அடி போடுகிறார்கள். ஓரம் கோணலாக இருந்தால் நட்டம் நம்முடையது. பேசிய பிறகு ஒரு பக்கம் அரை அடி கழித்தார்களே தவிர, தாமாகச் செய்யவில்லை. சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டுக்கும் முழு விலை. அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று கேட்டால்தான் தருகிறார்கள். பூஜை அலமாரிக்குத் தட்டு போட அது போதும், விட்டுவிடாதீர்கள். ஓரம் உருட்டித் தேய்ப்பதற்கு அடிக் கணக்கில் தனிக் கூலி. அந்த வேலையைக் கடையில் செய்யாமல் வெளியாளிடம் விட்டதால், மேடையின் முகப்பு ஓரம் மேல்முகத்தைவிட ஒரு மாற்றுக் குறைந்த கறுப்பாக நின்றது. இரண்டாம் முறை வந்து தேய்த்த பிறகே சீரானது. செங்கத்துக் கல்லுக்குச் சதுர அடி 185 ரூபாயும், அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் கொடுத்தோம். சாலையில் இதைவிடக் குறைத்துச் சொல்லும் கடைகள் உண்டு. பில்லில் ஊர் பெயர் எழுதித் தருவார்களா என்று கேட்டால் பேச்சு மாறும்.

மனத்துக்கு உறுத்தலாக இருந்தது வேறொன்று. பின்புறக் கொட்டகையில் கட்டர் ஓட்டும் வடமாநிலத்து இளைஞர்கள், முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். டோலரைட்டில் சிலிக்கா பிற கனிமங்களுக்குள் கட்டுண்டிருக்கிறது, குவார்ட்ஸ் அநேகமாக இல்லை; ஆகவே அதன் தூசியில் தனிப் படிகச் சிலிக்கா குறைவு. ஆனால் அதே கொட்டகையில் அதே ஆட்கள் வெள்ளைக் கிரானைட்டையும் அறுக்கிறார்கள், அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ். அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் தீராது. மேடைப் பலகைகளை அறுக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. கையில் பிடித்து ஓட்டும் கட்டருக்கு இல்லை. கடைக்காரரிடம் சொன்னேன், முகமூடி வாங்கிக் கொடுத்தாலும் பையன்கள் போட்டுக்கொள்வதில்லை என்றார். முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாயை நீட்டிவிடப் பெரிய செலவு ஆகாது. நம் வீட்டுக்கான துண்டுகளையாவது ஈரத்தில் அறுக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டபோது எங்களுக்குச் செய்தார்கள்.

போகிறவர்கள் காலையில், வெயில் முற்றத்தில் சாய்வாக விழும்போது போவது நல்லது. பிற்பகலில் தகரக் கூரையின் நிழலில் எல்லாக் கல்லும் கறுப்பாகவே தெரியும். லென்ஸ் இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் மணிகள் தெரியும். பலகையைத் தேர்ந்தெடுத்ததும் அதன் முதுகில் உங்கள் பெயரையும் கட்டை எண்ணையும் சாக்பீஸால் எழுதிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். குட்டி யானை வண்டிக்குக் கொளத்தூர் வரை 900 ரூபாய் கேட்டார்கள். ஏற்றுகூலி அதில் சேர்ந்தது, இறக்குகூலி சேரவில்லை.